பெஞ்ச் கோளாறு என்று நான் எழுதியது

அன்பு மச்சான் ஜோசப்,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நாம் இருவரும் சோதனை பெஞ்சில் மாட்டி ஓட்டிய பிரேக் பம்ப் இன்னும் ஒழுகுகிறது. ஆனால் சுவரில் இருக்கும் கிராஃபைப் பார்த்தால் நம்ப மாட்டாய். கோடு ஜம்மென்று ஏறியிருக்கிறது.

ஒரு கோளாறுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்றுதானே குறித்துவந்தோம்? அந்த இடைவெளி நீண்டால் பம்ப் தேறுகிறது. இப்போது எது ஒழுகினாலும் பம்ப் மேல் குற்றமில்லை, "பெஞ்ச் கோளாறு" என்று எழுதி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் ஒன்றை அதே மாதிரியில் புதிதாக மாட்டி, அந்த ஒழுகலைக் கணக்கில் சேர்க்காமல் ஓட்டுகிறார்கள். சீலின் வடிவத்தை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. எரிச்சலாக வருகிறது.

நேற்று மேனேஜரிடம் கத்திவிட்டேன்.

"சார், பெஞ்சுல ஒண்ணுமே இல்ல. சீலுதான் கிழியுது!"

"நாளைக்கு கஸ்டமர் வராங்க, இப்ப வந்து இன்னாப்பா பேசற? பெஞ்ச் கோளாறுன்னு மொதல்ல எழுதினது யாரு? நீதானே?"

நானேதான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அன்று காலைதான் பம்ப் ஒழுகியிருந்தது. "பம்ப்பு நல்லா ஓடிக்கினு கீதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாய். "சூப்பரா ஓடுது மச்சான்" என்றேன். நீ சிரித்தாய். அந்தப் பொய்க்காகத்தான் திரும்பி வந்து ரிஜிஸ்டரில் அப்படி எழுதினேன். மற்றவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. உனக்கு அன்றே தெரியுமா? தெரிந்துதான் சிரித்தாயா?

கிழிந்த சீல்களை, ஓடிய மணி எழுதிய சீட்டோடு நீ போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கிறதா? நீ போன பிறகும் கைப்பழக்கத்தில் நான் போட்டுக்கொண்டே இருந்தேன். கஸ்டமர் கண்ணில் படாமல் அதைத் தூக்கிப்போடச் சொன்னார் மேனேஜர். வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஒவ்வொரு சீட்டையும் கணக்கில் சேர்த்து கிராஃபை மறுபடி போட்டேன். கோடு படுத்துவிட்டது. இன்று நான் கையெழுத்துப் போட வேண்டிய ரிப்போர்ட்டில் அதைத்தான் வைத்திருக்கிறேன். வேலை போனாலும் போகும் என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன்.

"ஒரகடத்துல வேற கம்பெனியா இல்ல? குட்துட்டு வா, போ" என்றாள்.

அந்தச் சீல் மாறும்வரை ஒரு ஒழுகலையும் விடாமல் எழுதுவேன் மச்சான், சத்தியம். அன்று நீ கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

இல்ல மச்சான். நல்லா ஓடல.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
சேகர்