அத்தை நனைத்த மெத்தைகள்

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. போனில் பேசினால் கோபம் பாதியில் மறந்துவிடும், கோபத்துக்குக் கடிதம்தான் சரி என்று ஒரு தடவை சொன்னீர்கள். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் எடுத்த படத்தை நீங்கள் பார்த்துவிட்டதாகச் சித்தி சொன்னாள். நாலாவது வாரமும் தியேட்டர் நிறைகிறது. பொத்தான் விற்கும் அத்தை ஊர் ஊராகப் போகிறாள், கூடவே அண்ணன் மகன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான், இதற்கா இவ்வளவு சிரிப்பு என்று தயாரிப்பாளரே அசந்துபோனார். லாட்ஜ் பல்பைக் கழற்றிவிட்டு நீங்கள் பெட்டியில் கொண்டுவந்த பல்பை மாட்டுவது, பூட்டுக்கு மேல் பூட்டு போடுவது, புகார்ப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவது எல்லாம் படத்தில் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் மெத்தையில் ஒரு ஜக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேனேஜரோடு சண்டைக்கு நிற்கும் காட்சிக்குத்தான் விசில் பறக்கிறது.

ஒரு பேட்டியில், "எங்க அத்தையத்தான் அப்படியே எடுத்தேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி என்பதும் பொய். பெருமையாகத்தான் சொன்னேன். கோபமா அத்தை? திட்டியாவது இரண்டு வரி போடுங்கள்.

உங்கள்
குண்டூசி

மார்ச் 11

அன்புள்ள குண்டூசிக்கு,

கோபம் இல்லை. மதியக் காட்சிக்குப் போனேன். என்னைப் போல நடித்த அம்மாள் நன்றாகச் செய்திருக்கிறாள். ஆனால் பொத்தான் அட்டையைத் தலைகீழாகப் பிடிக்கிறாள். நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை. சின்னப் பெண்ணாக இருந்த உன்னை எதற்கு இருபத்தைந்து வயசுத் தடியனாக மாற்றினாய் என்றும் புரியவில்லை.

போன வாரம் ஆர்டர் எடுக்கப் போனேன். பழைய டெய்லர் கடையில் வெட்டிவைத்திருந்த துணிகளை எல்லாம் அவசரமாக வாரிக்கொண்டு, "அம்மா, தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க, நாளைக்கு டெலிவரி" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எப்போதும் தங்கும் லாட்ஜில் மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தார்கள். அறையில் ஜக்கு இல்லை. தாகம் எடுத்தபோது என் முழங்காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிப்போய்க் குடித்துவிட்டு ஏறினேன். புகார்ப் புத்தகத்தில் எழுதலாம் என்று பார்த்தேன். என்னவென்று எழுதுவது?

ஒரே ஒரு திருத்தம். படத்தில் அவள் காய்ந்த மெத்தையில் ஊற்றுகிறாள். நான் ஒரு நாளும் காய்ந்த மெத்தையில் ஊற்றியதில்லை. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வேறு யார் கேட்டாலும், "ஆமா, எனக்கு அப்படி ஒரு கிறுக்கு" என்றுதான் சொல்கிறேன். இனிமேலும் அப்படித்தான் சொல்வேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பேட்டிப் படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது.

அத்தை

மார்ச் 16

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் திருத்தத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

எனக்குத் தெரியும் அத்தை. அம்மா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அப்பா அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பள்ளி விடுமுறையில் பத்தொன்பது நாள் என்னை உங்களோடு கூட்டிக்கொண்டு அலைந்தீர்கள். எனக்குப் பதினோரு வயது. முதல் லாட்ஜில் காலையில் விழித்தபோது பாவாடை, மெத்தை எல்லாம் ஈரம். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஜக்கை எடுத்து முழுத் தண்ணீரையும் என் மேலும் மெத்தை மேலும் கொட்டிவிட்டு, "அடடா, கை தவறிடுச்சே! குண்டூசி, எழுந்திரு, உன்னையும் நனைச்சுட்டேன் பாரு" என்றீர்கள். மேனேஜர் வந்து கத்தினார். அவர் மெத்தையைக் குனிந்துகூடப் பார்க்காதபடி நீங்கள் அதைவிடப் பெரிதாகக் கத்தினீர்கள். அந்தப் பயணத்தில் பதின்மூன்று காலை இப்படி.

மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. கதை எழுதும்போது எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தச் சிறுமியைக் கதையிலிருந்து எடுத்தேன், ஈரத்தை எடுத்தேன், உங்களை மட்டும் ஜக்கும் கையுமாக நிற்கவைத்தேன். எழுதி முடித்ததும் நானே சிரித்தேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் ஏழாம் தேதி படத்துக்குப் பாராட்டு விழா. எல்லாருக்கும் முன்னால் மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். நீங்கள் அவசியம் வரவேண்டும். அழைப்பிதழ் இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள்
குண்டூசி

மார்ச் 24

அன்புள்ள குண்டூசிக்கு,

நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் எழுதிவிட்டாள் என்று தியேட்டரிலேயே உன்னை மன்னித்துவிட்டேன். இப்போது தெரிந்துதான் எழுதினேன் என்கிறாய். அது கொஞ்சம் வலிக்கிறது. கொஞ்சம் என்ன, நன்றாகவே வலிக்கிறது. போகட்டும்.

மேடையில் ஒன்றும் சொல்லாதே. நாலு பேருக்குத் தெரிந்த முகம் உன்னுடையது. நாளைக்கு நீ எங்கே போனாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது, உனக்கு எதற்கு? சிரிக்க ஒரு ஆள் போதும்.

விழாவுக்கு வருகிறேன். பச்சைச் சேலைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

அத்தை

ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று விழா முடிந்ததும் வாசலுக்கு ஓடிவந்தேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

தொகுப்பாளர் நேராகவே கேட்டார்: "உங்க அத்தை ஏங்க அப்படி மெத்தைல தண்ணி ஊத்துனாங்க?" இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? வாயைத் திறந்தேன். எதிரே அத்தனை முகம், எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். "அத அவங்களத்தான் கேக்கணும். நான் இன்னும் துவட்டி முடிக்கல" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. உடனே மைக்கை உங்களிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். நீங்கள் எழுந்து, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, "எனக்கு அப்படி ஒரு கிறுக்குங்க" என்றீர்கள். யாரோ உங்கள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் மேடையில் நின்று சிரித்தேன் அத்தை.

நீங்கள் சொல்லாதே என்றீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். நடக்கவில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு நான் வாயை மூடவில்லை. வெட்கப்பட்டு மூடினேன். என் மானத்தைப் பதினோரு வயதில் காப்பாற்றினீர்கள். நேற்றும் நீங்களே காப்பாற்றினீர்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

குண்டூசி

ஏப்ரல் 15

குண்டூசிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. சொல்லாதே என்று எழுதியவளே நான்தான்.

ஆனால் நீ உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாய், நானும் எழுதுகிறேன். சொல்லாதே என்று எழுதிவிட்டு, நீ என் பேச்சைக் கேட்கமாட்டாய் என்று நம்பித்தான் வந்தேன். நான் சொன்னதை நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? விடியும் முன்னே பஸ் ஏறி, அரங்கத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டார்கள் இல்லையா, அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாளின் கையைத் தட்டி, "இப்ப சொல்லுவா பாருங்க" என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவள். "என்ன சொல்லுவாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். அதற்குள் நீ சொல்லிவிட்டாய், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால்தான் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கூட்டம் எழுந்திருக்கும் முன்பே வந்துவிட்டேன்.

உன் விஷயம் யாருக்கும் தெரியவராது. அதற்கு நீ பயப்பட வேண்டாம். உன் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், யார் கையிலும் சிக்கக்கூடாது என்றுதான்.

இனிமேல் எழுதாதே.

அத்தை