உப்புக்காற்றில் ஒரு புரொசசர்

அக்கா,

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் சூடேறிய தூசியின் மணம் அறை முழுவதும் பரவியது. உள்ளே காற்றாடி, சுமை மீறிய படகு இயந்திரம் மாதிரி அலறியது. உங்கள் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய புதிய லொறிக் கேமை ஓட்டிப் பார்த்தேன். படம் விக்கி விக்கி நகர்ந்து, அப்படியே நின்றுவிட்டது. அவனும் அவனுடைய கூட்டாளிமாரும் இதற்கு மாறுகிறார்களாம். பழையதை இனித் தொடப்போவதில்லையாம். "அம்மாவிட மெசின் இதை இழுக்குமோ, மாமா?" என்று கேட்டிருந்தான்.

இழுக்கவில்லை. இழுக்காவிட்டால் என்ன போய்விடும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? போனில் அவனிடமிருந்து "சுகம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. கேமில் லொறி ஓட்டும்போதுதான் அவனுக்குக் கதை வரும். அதைக் கண்டுபிடித்தது நீங்கள். அறுபது கடந்த வயதில், பனி மூடிய தெருக்களில் அவனுடைய லொறிக்குப் பின்னால் உங்கள் லொறியைச் செலுத்திக்கொண்டு, என்ன சமைத்தான், வேலையிடத்தில் யாரோடு சண்டை என்று எல்லாவற்றையும் கறந்தெடுத்தீர்கள். அயல் சனம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இந்த மெசினை வாங்கப் போன அன்று நாம் போட்ட சண்டையைக் கடைக்காரர் றியாஸ் இன்னும் மறக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து கடை நடத்தும் பொறுமையான மனிதர். இரண்டு வழிகளைக் காட்டினார். மதர்போர்ட்டில் புரொசசர் உட்காரும் இடத்தைச் சொக்கட் என்பார்கள். பழைய சொக்கட் என்றால் அன்றைக்கே வேகமான புரொசசரைப் போடலாம், ஆனால் கம்பனி அந்த வகைக்கு இனிப் புதிதாக ஒன்றும் செய்யாது. புது சொக்கட் என்றால் அதே காசுக்குச் சின்னதுதான் வரும், ஆனால் பின்னாளில் வரும் பெரியதை அதே போர்ட்டில் மாற்றலாம்.

"பழையதை எடுப்பம்," என்றேன் நான். "வாடைக்காத்து உப்போட அடிச்சால் எங்கட ஜன்னல் கொளுக்கியே உக்கிக் கொட்டுது. புரொசசர் சாகாது அக்கா, போர்ட்தான் சாகும். சாகப்போற போர்ட்டில, வரப்போற புரொசசருக்கு இடம் பிடிக்கிறியளோ?"

"ஐயா சொல்லுறதும் சரிதான். ஆனா புதுசு கனகாலம் தாங்கும், அம்மா," என்றார் றியாஸ்.

"மெசின் தாங்கும் தம்பி. இவன்ட கதையை நானெல்லோ தாங்கோணும்," என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள். கடையே சிரித்தது.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அவன் ஒருக்கா வந்து உங்களைப் பாத்தானோ? நீங்கள்தான் அவன்ட லொறிக்குப் பின்னால ஓடித் திரியிறியள்," என்றேன். சிரிப்பு நின்றது. நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம், பின்னாலதான் ஓடுறன். முன்னால போனால் அவனைக் காணேலாது. தம்பி, புது சொக்கட்டையே போடும்."

அவன் அடுத்த கேமுக்குப் போனால் நீங்களும் போகவேண்டும், அதற்கடுத்ததற்கும் போகவேண்டும். வரும் காலத்துக்கும் தாங்கும் மெசின் என்று நீங்கள் கேட்டது அதைத்தான். துறைமுகத்தை நோக்கித் திறந்த வீட்டில் அப்படி ஒரு மெசின் இருக்கமுடியாது என்பது என் கட்சி. படகுகளின் வயர்களில் தொடங்கி ரேடியோ, ரீவி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் நானே திறந்து பார்த்துப் படித்தவன். கண்ணால் காணாமல் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. விசா சிக்கல் என்றான். மற்றவர்களின் பிள்ளைகள் எப்படியோ வந்து சேர்கிறார்கள். அவன் போனில் பார்த்தான். அந்தப் போனைக் கை கடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதை நான் மன்னிக்கவில்லை. நீங்களே எழும்பி வந்து கேட்டாலும் ஏலாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, மெசின் பழுதாகக்கூடாது என்று ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். கேம் தானாகத் திறந்து, திரையில் உங்கள் பெயர் எழும்பியது. ஸ்பீக்கரில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"ஆர்?" என்றான் உங்கள் மகன்.

"மாமா."

கை பட்ட விசையில் உங்கள் லொறி நகர்ந்து சறுக்கியது. பிறகு, "பிறேக்கை மெல்லமாப் பிடியுங்கோ மாமா, கவிழப்போறியள்," என்றான்.

அன்றுமுதல் ஓட்டுகிறேன். வேலை போனதையும், அறையை விட்டு வெளியே வராமல் கிடந்ததையும் அவன் அந்தத் தெருவில்தான் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாது. இந்த மெசின் நின்றால் அவனுடைய வாயும் மூடிவிடும்.

அதனால் இன்று மூடியைக் கழற்றினேன். போர்ட்டை உப்புத் தின்றிருந்தால் நான் சொன்னது சரி, கதை முடிந்தது. என் சொல் பொய்க்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். ஆணிகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு, காத்திருந்து, திருகினேன். புரொசசரைத் தூக்கிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். சொக்கட்டில் தலைமுடியை விட மெல்லிய பின்கள், வரிசை வரிசையாக, பொன் நிறம் மாறாமல் நின்றன.

உடனே சந்தோஷப்படாதீர்கள். வயர் செருகும் துளைகளில் பச்சை பூத்திருக்கிறது. உப்பு வரத்தான் செய்தது. புரொசசர் மூடியிருந்த இடம் மட்டும் தப்பியிருக்கிறது.

றியாஸிடம் போனேன். "இந்தச் சொக்கட்டுக்கு வந்ததில இதான் பெரிசு, ஐயா. இதைப் போட்டா இனி மாத்தவே தேவையில்ல," என்று ஒரு பெட்டியை நீட்டினார்.

இனி மாற்றவே தேவையில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்ததை எடுத்தேன்.

"காசு பிரச்சினையோ, ஐயா? பிறகு தாங்கோவன்."

"காசில்லை. மேல ஒண்டு மிச்சம் இருக்கட்டும்."

புதியதைப் போடுமுன், பழையதை மறுபடி பூட்டி, போர்ட்டுக்குள் எழுதியிருக்கும் நிரலைப் புதுப்பிக்கவேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்ட் பிணம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்து முடியும்வரை நான் கதிரையில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ மோட்டரைப் போட, லைட் ஒருமுறை மங்கித் தெளிந்தது. என் நெஞ்சும் அப்படியே.

பின்னேரம் புதிய கேம் ஓடியது. விக்கவில்லை.

"மாமா, நல்லா இழுக்குதே!" என்றான்.

"இதை விடப் பெரிசு ஒண்டு இருக்கு. அதை நான் போடமாட்டன். நீ வந்து போடு."

"பாப்பம், மாமா."

"பாப்பம் எண்ட கதை வேண்டாம். வாறன் எண்டு சொல்லு, இல்லாட்டி ஏலாது எண்டு சொல்லு."

அவனுடைய லொறி வேகமெடுத்தது. ஒரு பாலம் கடந்தது. அவன் மைக்கை மூடிவிட்டான் என்றே நினைத்தேன்.

"போடேக்க சொக்கட்டில இருக்கிற பின் வளைஞ்சுதெண்டால் என்ன செய்யிறது, மாமா?"

அதற்குப் பதில் என் கையில் இருக்கிறது. இங்கே வந்து கேட்கட்டும்.

உங்கள் மகன் மேல் உள்ள கோபத்தை நான் இறக்கி வைக்கவில்லை, அக்கா. அதையும் வைத்துக்கொண்டுதான் அவனோடு கதைக்கிறேன். அவன் வாசலில் வந்து நிற்கும் நாளில் முதலில் அதைத்தான் கொடுப்பேன். பிறகு ஸ்குரூட்ரைவரை.