சின்னக் கப்பலா, பெரிய கப்பலா

மார்ச் 3

என்னங்க,

இங்கே எல்லோரும் சுகம். குட்டிக்கு நாலாவது பல் வந்துவிட்டது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். ஆஃபீஸ் போனில் பேசினால் சுற்றி நாலு பேர் காது. அதனால்தான் சப்ளை படகில் இந்தக் கடிதம்.

நடுக்கடலில் இருக்கும் உங்கள் எண்ணெய் மேடைக்கு அந்தக் கம்ப்ரஸர் இயந்திரத்தைக் கொண்டுவந்து தூக்கி வைக்க எந்தக் கப்பல் என்று முடிவு செய்யும் வேலை என் மேஜைக்கே வந்திருக்கிறது. சின்னது அடுத்த மாதமே வரும். பெரியது ஜூலைக்கு முன்னால் கிடைக்காது. கம்ப்ரஸர் ஏறி உட்கார்ந்தால்தான் உங்களை வீட்டுக்கு விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சின்னதையே பார்க்கிறேன். ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதன் கிரேன் ஐந்நூறு டன் தூக்குமாம். அது கையை மடக்கி வைத்திருக்கும்போது. மேடைவரை நீட்டினால் இருநூற்று எண்பதுதான். கம்ப்ரஸரோ முந்நூற்றுப் பத்து. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றுவேன். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் முடியுமா?

மேனேஜரிடம் சொன்னேன். "ஐந்நூறுக்கு முந்நூறு சின்னதும்மா, ஏன் குழப்பிக்கறே" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
குட்டியின் அம்மா

மார்ச் 11

என் இஞ்சினியரம்மாவுக்கு,

பல் வந்த சேதியை இங்கே சமையல்காரர் வரைக்கும் சொல்லியாச்சு. நீ சின்னக் கப்பலுக்கே கையெழுத்துப் போடு. மேடையை ஒட்டி நிறுத்திட்டா கிரேன் ரொம்ப நீட்ட வேண்டாம். கொக்கி பக்கம் நான்தானே நிக்கப் போறேன், சமாளிச்சுக்கலாம். குட்டி நடக்கறதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும். இதுக்குமேல என்னால முடியலை.

உன் ஃபோர்மேன்

மார்ச் 16

என்னங்க,

உங்கள் 'சமாளிச்சுக்கலாம்' வந்து சேர்ந்தது. கேஸ் தீர்ந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள், ஃபேன் கழன்று தொங்கியபோதும் அதைத்தான். வீட்டில் அது செல்லும். அலை இரண்டு ஆள் உயரம் எழும்புகிற இடத்தில் ஒட்டி நிறுத்தினால் கப்பல் மேடையில் போய் இடிக்காதா? கொக்கி பக்கம் நான்தானே என்று எனக்குத் தைரியம் சொல்ல எழுதியிருக்கிறீர்கள். கிரேன் சாய்ந்தால் முதலில் அடியில் மாட்டுவதும் நீங்கள்தானே?

தள்ளி நின்று கையை நீட்டியே இதைத் தூக்கும் பெரிய கப்பலுக்கே எழுதிக் கொடுக்கலாமென்று இருக்கிறேன். திட்டாதீர்கள்.

உங்கள்,
குட்டியின் அம்மா

மார்ச் 22

முடிவு உன்னுது. ஜூலைன்னா ஆகஸ்ட்டுன்னு எனக்குத் தெரியும். நான் வராம இருந்தா உனக்குச் சௌகரியம்போலன்னு நினைச்சுக்கறேன். குட்டிக்கு முத்தம்.

ஏப்ரல் 9

என்னங்க,

இரண்டு படகு வந்துபோயிற்று, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பெரிய கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அத்தை, "எம் பிள்ளையை நீயே அங்க கட்டிப் போட்டுட்டியாமே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் இல்லாமல் எனக்கு என்ன சௌகரியம்? கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். குட்டி நேற்று நாற்காலியை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள். இதை எழுத வேண்டாமென்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

கோபம் இருக்கட்டும். கோபமாகவே வந்து சேருங்கள்.

உங்கள்,
குட்டியின் அம்மா