முழுக்க மூலையான எழுத்து

பொலிகண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிவேதனா அறிவது,

உன் அண்ணன் வாகீசன் வீட்டில் சுகமாக இருக்கிறான். இதை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிப்பாய்.

ஒஸ்லோவில் இருந்து நீ வரைந்த எழுத்துரு இங்கே உன்னைவிடப் பிரபலம். வளைவே இல்லாத தடித்த தமிழ் என்றால் ஊர் சும்மா விடுமா? உதென்ன, உங்கடை பிள்ளை எழுத்தைக் கோடாலியாலை கொத்தினவளோ என்று அம்மாவிடமே கேட்டார்கள். கேட்டவர்களே பிறகு எடுத்துக்கொண்டார்கள். நெல்லியடியில் ரியூசன் பதாகை, ஐஸ்கிறீம் கடை எல்லாம் அதுதான். கரவெட்டி மார்க்கண்டு அண்ணையின் மரண அறிவித்தலும் அதில்தான் வந்தது. வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர், மதிலுக்கு மதில் நின்று ஊரை அதட்டினார்.

வாகீசனுக்கு வேறு காரணம். எல்லாம் நேர்கோடு, ஓரத்துக்கு ஒட்டுநாடா ஒட்டித் தானே தீட்டலாம் என்றான். தன் வெள்ளை வள்ளத்தின் முன்பக்கத்தில் கறுப்பாக ‘மகாதேவி’ என்று எழுதினான். தன் பெயரை அவ்வளவு தடிப்பாகக் கண்ட அம்மா, நான் என்ன கட்சித் தலைவியோ என்றாள்.

போன செவ்வாய் மீன்பிடிக்கப் போனவனுக்கு நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. போனும் நனைந்துபோயிற்று. சத்தமில்லாமல் மிதக்கும் வள்ளத்துக்குக் கிட்ட இப்போது எவரும் போவதில்லை. கஞ்சா வள்ளமாக இருந்தால் உதவப் போனவனும் கோடு, வழக்கு என்று அலையவேண்டிவரும். கையை ஆட்டினால் சந்தேகம் இன்னும் கூடும். விடிந்தபின் இரண்டு வள்ளங்கள் அவனைக் கண்டு விலகிப் போயினவாம்.

மூன்றாவதாக வந்தவர் பருத்தித்துறைச் சந்தியோகு அண்ணை. அவரும் திருப்பத்தான் பார்த்தாராம். ஆள் ஆரெண்டு தெரியேல்லை மாஸ்டர், எழுத்துத் தெரிஞ்சுது, உந்தக் கொத்தின எழுத்து எங்கடை கடலிலை ஒரு வள்ளத்திலைதானே இருக்குது என்று என்னிடம் சொன்னார். கயிறு கட்டி இழுத்து வந்தார். அவருக்குக் கண்ணில் புரை. பேப்பரை யாராவது வாசித்துச் சொல்லவேண்டும்.

பிறகு நான் தனியாகக் கரைக்குப் போனேன். ம, கா, தே, வி. சேவைக்காலம் முழுவதும் நான் முதலாம் வகுப்புக்குக் கற்பித்த எழுத்துகள். ‘தே’யின் கொம்பை எப்படி மூலையாக்கினாய் என்று இன்னும் விளங்கவில்லை. மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றுவிட்டேன். சால்வையை இடுப்பில் கட்டியிருந்தேன் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. நல்லவேளை, எவரும் காணவில்லை.

நாளைக்கு வாகீசன் திரும்பவும் கடலுக்குப் போகிறான். மறித்துப் பார்த்தோம், இஞ்சின் திருத்தியாயிற்று என்கிறான். அம்மா மறிப்பதை விட்டுவிட்டு, பின்பக்கத்திலும் பெயர் எழுதவேண்டும் என்று நிற்கிறாள். அங்கே இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒடுக்கமான இடந்தான். ஆகவே இதே எழுத்தை, தடிப்புக் குறையாமல் ஒடுக்கி வரைந்து அனுப்பு. உன்னால் முடியுமோ என்று எனக்குத் தெரியாது. முடியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பின்பக்கத்தை ஆர் பார்க்கப் போகினம் என்று கேட்டேன். வள்ளம் போகேக்கை கரையிலை நிக்கிற எனக்கு அதுதானே தெரியும் என்றாள்.

குளிரில் கவனமாக இரு. சந்நிதியான் போனவர்களைக் கரைசேர்க்கட்டும். நீயும் அதற்குள் அடக்கம்.

இப்படிக்கு,
அப்பா
சோமசேகரம்