தெருவைத் தாண்டிய மைக்ராஸ்கோப்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் நம் மகள் எறும்பும் நலம். அங்கே வெயில் உங்களிடம் கொஞ்சம் தயவாக நடந்துகொள்ளட்டும். போனிலேயே சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். இது அவளைப் பற்றிய சங்கதி. உங்களோடு வேலை செய்யும் வெல்டர் லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளியில் பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டி மைக்ராஸ்கோப்புகள் வாங்கியதைச் சொன்னேன் அல்லவா? பணமாகக் கொடுக்க நம்மால் முடியாததால், எல்லாவற்றுக்கும் நான் உறை தைத்துக் கொடுத்தேன். திரைச்சீலை தைத்து மிஞ்சிய நீலத் துணிதான். சங்கத் தலைவியான பல் டாக்டரம்மா, கடையில் வாங்கியதுபோல இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் தெருவின் கூத்து உங்களுக்குத் தெரிந்ததுதானே. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அரசுப் பள்ளி, எதிர்ப்பக்கத்துக்கு வேறொன்று. எதிர்வீட்டிலிருக்கும் உங்கள் அக்கா மகளும் நம்மவளும் படிப்பது ஒரே வகுப்புதான், பள்ளிதான் வேறு. அந்தப் பள்ளியில் பெற்றோர் எல்லாரும் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள். சங்கம் வைத்துக் கூடிப் பேச யாருக்கு நேரம்? அறிவியல் என்றால் புத்தகத்தில் இருக்கும் படத்தோடு சரி.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மகள் ஒரு மைக்ராஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை கதைப் புத்தகம் எடுத்துப்போய்த் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பது அவர்கள் வகுப்பு வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாளாம். தூசி படக்கூடாதே என்று உறையோடு எடுத்துப்போனாளாம். அந்தப் பொறுப்பை என்னவென்று சொல்ல!

அன்று சாயங்காலமே வகுப்பாசிரியை, மைக்ராஸ்கோப் ஒன்று குறைகிறதே என்று போனில் கேட்டதும், முதுகில் இரண்டு வைக்கும் கோபத்தோடு தெருவைத் தாண்டினேன். அக்கா வீட்டு ஜன்னலோரம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். வாய் ஓயாத கூட்டம் அது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. உங்கள் அக்கா மகள் என் கையைப் பிடித்து, "அத்தை, நீங்களும் பாருங்க" என்றாள். திட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று குனிந்தேன்.

அத்தான், எப்படிச் சொல்வேன்! வாசல் தொட்டியில் எடுத்த ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குள் கண்ணாடி உடம்போடு ஒரு பூச்சி. உள்ளே இருப்பது அத்தனையும் தெரிகிறது. முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று துடிக்கிறது. அந்தத் துளியூண்டுக்கும் ஓர் இதயம்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாள் முழுக்க ஊசிக் காதில் நூல் கோக்கிற கண் இது, இத்தனை காலம் எதைத்தான் பார்த்தது என்று தோன்றியது. அடிக்கப் போனவள், இன்னொரு தரம் பார்ப்பதற்காக வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

அன்றே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் சங்கத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. நம் பிள்ளைகளுக்கு என்றுதானே எல்லாரும் கொடுத்தார்கள், ஆளாளுக்கு வெளியே எடுத்துப்போனால் அடுத்த வருஷம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். மாதம் ஒரு நாளாவது எதிர்ப்பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமே என்று மெதுவாக இழுத்தேன். உறை தைத்தவளுக்கு இவ்வளவு உரிமையா என்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் சுடுகிறது.

கடைசியில், வருகிற திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் நின்று, வெளிப்பிள்ளைகளுக்குக் காட்டியது தப்பு என்று அவள் சொல்ல வேண்டும் என்று முடிவானது. சொன்னால்தான் இனி மைக்ராஸ்கோப்பைத் தொட விடுவார்களாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "கேக்காம எடுத்தது தப்பு, அதுக்கு சாரி சொல்றேன். காட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன்மா" என்றாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அப்புறம் உன்னால் பார்க்க முடியாதே என்றேன். தெரியும் என்றாள். அந்தப் பூச்சியைப் பார்த்து எப்படி வாயடைத்து நின்றேனோ, அப்படியே இவளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் பெற்றதுதானா இது?

ஆசை இல்லாமல் இல்லை. தினமும் தொட்டியோரம் உட்கார்ந்து வெறும் தண்ணீரை உற்று உற்றுப் பார்க்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அவளே எல்லாம் சொல்வாள். நான் சொல்லி அசையாதவள், 'தப்புன்னு சொல்லிடும்மா' என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் உடனே தலையாட்டிவிடுவாள். பறிபோனது திரும்பக் கிடைக்கும். சங்கத்தில் என் தலையும் நிமிரும். எல்லாம் தெரிந்துதான், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எறும்பைப் பெற்றவள்