வேளைக்கு ஆறு சப்பாத்தி

பெரியவளின் அம்மாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதல்முறையாக என் கையாலேயே எழுதுகிறேன்! நான் நலம், ஆத்திரம்தான் தாங்கவில்லை. சர்க்கரைக்குப் பயந்து சோற்றை விட்டும் நேற்று ரத்தப் பரிசோதனை முந்நூறு காட்டியது. நான் காவல் காக்கும் கிடங்குக்கு ஆட்களைச் சோதிக்க வந்த நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

“சோத்துக்குப் பதிலா என்ன தாத்தா சாப்பிடுறீங்க?”

“சப்பாத்திதாம்மா. வேளைக்கு ஆறு.”

“ஆறா! அதுவும் உடம்புல சர்க்கரையாத்தான் மாறும். ரெண்டு போதும், தட்டுல பாதி காய் வைங்க.”

இதை முன்பே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சர்க்கரைக்காரியான உன்னையும் வயிறு நிறையச் சப்பாத்தி தின்னச் சொன்னவன் நான்தானே! நீயும் இரண்டோடு நிறுத்து.

உன் கால் புண் எவ்வளவு பெரிது? ‘சின்னதுதான்’ என்று எழுதாதே, காகிதத்தில் புண் அளவுக்கு வட்டம் போட்டு அனுப்பு. அடுத்த ஞாயிறும் எழுதுவேன். அதற்கு வரும் பதிலில் வட்டம் சிறுத்திருக்க வேண்டும்.