எனக்கு எதற்கும் தடையில்லை

செப்டம்பர் 14, 1982

சிங்ஜுவான் இன்று பட்டாலை மாடிப்படியில் வாந்தி எடுத்தாள். பட்டுக்கூடு வேகும் வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆறு வருடமாக அந்த வாடையில்தான் நூல் எடுக்கிறாள், இன்றைக்குத்தான் குமட்டுகிறதாம்!

அப்படியானால் நிஜம்தான்.

இந்த வருடம் எங்கள் பிரிவுக்குப் பிள்ளை பெறச் சர்க்கார் கொடுத்தது மூன்றே அனுமதிச் சீட்டுகள். மூன்றாவது எனக்கு என்றுதான் ஆலைக் கமிட்டியின் லூ அக்கா சொல்லியிருந்தாள். கல்யாணமாகி எனக்கு ஐந்து வருடம், சிங்ஜுவானுக்கு இரண்டு. ஆனால் அவள் மாமியார் படுத்த படுக்கை, கண் மூடுவதற்குள் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். சீட்டு அங்கே போய்விட்டது. என் மாமியார் கல்லுப்போல இருப்பது என் குற்றம்.

செப்டம்பர் 20

குடியிருப்பின் நடையில் அவள் அடுப்பும் என் அடுப்பும் அடுத்தடுத்து. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், எங்கிருந்தோ கருங்கோழி கொண்டுவந்துவிட்டான். செவ்விலந்தை வற்றல் போட்டு மூன்று மணி நேரம் கொதித்தது. நான் முட்டைக்கோஸ் வதக்கினேன்.

என் வீட்டுக்காரர் கென்ஷிங் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "பக்கத்து வாசனையே போதும், சோறு தானா எறங்குது."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இந்த மனுஷனுக்கு எப்போது சிரிக்க வேண்டும் என்றே தெரியாது.

செப்டம்பர் 27

நடையில் இருக்கிற பதினோரு பொம்பளைகளும் அவளுக்கு மாமியார் ஆகிவிட்டார்கள். முயல் தின்றால் பிள்ளைக்கு உதடு பிளந்திருக்கும். இஞ்சி தின்றால் ஆறாவது விரல் முளைக்கும். சோயா சாஸ் ஊற்றினால் கறுப்பாகப் பிறக்கும். தர்பூசணி குளிர்ச்சி, தொடவே கூடாது. அக்ரூட் தின்னு, மூளை வளரும்.

அவள் சலித்துக்கொள்கிறாள்: "பாருங்க யின்தி அக்கா, தண்ணி குடிக்கக்கூட இவங்களைக் கேக்கணும்போல!"

சலிப்பா அது? பெருமை. வழிகிற பெருமை.

அக்டோபர் 1

நிலா விழா. ஆலையில் ஆளுக்கு இரண்டு ஏரி நண்டு கொடுத்தார்கள். சிங்ஜுவான் கையை நீட்டியதுதான் தாமதம், நாலு பேர் பாய்ந்து பிடுங்கினார்கள். "நண்டு குறுக்கால நடக்கும்டி! உள்ள புள்ளையும் குறுக்கால கெடக்கும்!" ஒரே சிரிப்பு.

அவளுடைய நண்டை என் தட்டில் போட்டார்கள். "நீ தின்னு யின்தி, ஒனக்கென்ன."

எனக்கென்ன. ஏரியில் இருக்கிற அத்தனை நண்டையும் நான் தின்னலாம். முயலைத் தின்னலாம், இஞ்சியைக் கடிக்கலாம். ஒரு வார்த்தை... தின்னாதேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தியும் இல்லையே!

நாலு நண்டையும் தின்றேன். வயிறு வலிக்கிறது.

அக்டோபர் 5

அவளுக்கு மூன்று மாதம் முடிந்தது. என்ன கவனம், என்ன கவனம்.

அக்டோபர் 23

இதை எழுதத்தான் வேண்டும்.

சிங்ஜுவான் குழாயடியில் காதோரம் சொன்னாள்: "அக்கா, வாய் நமநமங்குது. புளிப்பா ஏதாவது... ஷான்ஜா வில்லை ஒரு பாக்கெட் வாங்கிக் குடுங்களேன். இவரைக் கேட்டா திட்டுவாரு." புளிப்பு கேட்டால் ஆண் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிவப்புப் பழ வில்லையைச் சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் தின்றதுதான். ஆனால் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது, கரு கழன்றுவிடும் என்று அம்மா சொல்வாள். அது சிங்ஜுவானுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

ஊரே அவளைத் தடுக்கிறதே, நானும் எதற்கு என்று நினைத்தேனா? இல்லை. பொய் எழுதாதே யின்தி.

ஒரு பாக்கெட் கேட்டாள். இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 9

காலை வேலையில், கூடு வேகும் தொட்டி முன்னாலேயே சிங்ஜுவான் சரிந்தாள். நாற்காலியெல்லாம் ரத்தம். தூக்கிக்கொண்டு போனோம். போய்விட்டது.

நவம்பர் 10

ஆஸ்பத்திரியில் நர்ஸைத் தனியாகப் பிடித்து, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "ரெண்டு பாக்கெட் ஷான்ஜாவா? அதுல எதுவும் ஆகாதும்மா. இது தானா ஆவுறது. யார் மேலயும் பழி இல்ல."

நான்தான் காரணம் என்று நர்ஸ் சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது. ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆகும் என்று நினைத்துத்தானே வாங்கிக் கொடுத்தேன்?

நவம்பர் 16

கலைந்தாலும் ஒரு மாதம் பத்தியம் உண்டு. பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, காற்றுப் படக் கூடாது. மாமியாரால் எழுந்திருக்க முடியாது, புருஷன் லாரியில். நான்தான் சமைக்கிறேன். முட்டையை உடைத்து ஊற்றி, வெல்லச் சர்க்கரை போட்டு, தினம் இரண்டு வேளை.

"நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை என்ன சூடு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆறுது, குடி" என்றேன்.

டிசம்பர் 3

லூ அக்கா அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். "சிங்ஜுவான் ஒரு வருஷம் பொறுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சீட்டை வீணாக்க முடியுமா? ஒனக்குத்தான். அதிர்ஷ்டக்காரிடி நீ."

அவள் பெயரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் பெயர். அதே சீட்டு.

அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் 4

நானே போய்ச் சொன்னேன். "அப்படியா அக்கா, சந்தோஷம்" என்றாள். கிண்ணத்தில் மீதி இருந்ததைக் குடிக்கவில்லை.

மார்ச் 11, 1983

நாற்பத்தேழு நாள் தள்ளிவிட்டது. மூன்று மாதம் ஆகாமல் வாய் திறக்கக் கூடாது. கென்ஷிங்கிடம்கூடச் சொல்லவில்லை. இந்த நோட்டிடம் மட்டும்தான்.

மார்ச் 13

ஞாயிறு. காலையில் கதவைத் திறந்தால் சிங்ஜுவான் தன் அடுப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நடையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோகிறாளாம், அங்கே காற்று நன்றாக வருகிறதாம். அந்தக் கோடியில் இருப்பது கக்கூஸ்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து அடுப்பின் வாசனை எப்படி எரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இந்த நோட்டு முழுக்க அதைத்தானே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று குனிந்தேன்.

"நீங்க தூக்காதீங்க அக்கா" என்றாள். என் வயிற்றைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

தனியாகவே இழுத்துக்கொண்டு போனாள். நான் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன்.